வரையாட்டை வானிலிருந்து எண்ண முடியுமா?

2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள். 2025 ஏப்ரலில் 1,303. ஓராண்டில் 272 கூடியிருக்கிறது, அதாவது நூற்றுக்கு 26-க்கும் மேல். பெண் வரையாடு பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். அந்தக் குட்டிகளிலும் ஒரு பங்கு சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் இரையாகிவிடும். அப்படியிருக்க இவ்வளவு ஆடுகள் திடீரென்று எங்கிருந்து வந்தன? செய்தியைப் படிப்பவர்களுக்கு எழும் முதல் குழப்பம் இது.

இரண்டாவது குழப்பம் முறையைப் பற்றியது. நீலகிரியின் முக்குருத்தி தேசியப் பூங்காவில், மூடுபனியில் விடியலுக்கு முன் நடந்து, பைனாகுலரில் பார்த்து எண்ணுவதற்குப் பதிலாக, மேலிருந்து படமெடுத்து எண்ணினால் வேலை முடிந்துவிடாதா? ஆப்பிரிக்காவில் அப்படித்தானே செய்கிறார்கள், அதுவும் பொதுமக்களே வீட்டில் உட்கார்ந்தபடி படம் பார்த்து எண்ணித் தருகிறார்களே?

இரண்டு குழப்பமும் ஒரே இடத்தில் தீரும். கண்ணில் பட்ட விலங்கை எண்ணுவது கணக்கெடுப்பின் எளிய பாதி. கண்ணில் படாமல் போனவை எத்தனை என்று கணிப்பதுதான் கடினமான பாதி. தரையில் நடந்தாலும் வானில் பறந்தாலும் இந்தக் கடினமான பாதியிலிருந்து தப்ப முடியாது. தன்னார்வலர்களின் உண்மையான மதிப்பும் அங்கேதான் இருக்கிறது.

கண்டது எத்தனை, இருப்பது எத்தனை

கணக்கெடுப்பில் இரண்டு வகை உண்டு. ஒரு பரப்பு முழுவதையும் துழாவி எல்லா விலங்குகளையும் எண்ண முயல்வது முழுக் கணக்கு. பரப்பில் சில துண்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்து எண்ணி, அங்குள்ள அடர்த்தியைக் கொண்டு மொத்தத்தைக் கணிப்பது மாதிரிக் கணக்கு. எந்த வகையானாலும் எண்ணுபவர் சிலவற்றைத் தவறவிடுவார். எவ்வளவு தவறவிட்டார் என்பதை ஒருவர் மட்டும் எண்ணிக் கண்டுபிடிக்கவே முடியாது. இருவர் எண்ணினால் முடியும்.

வரையாட்டுக் கணக்கெடுப்பில் பயன்படும் இரட்டைப் பார்வையாளர் முறை இதுதான். ஒரே தடத்தில் இரண்டு குழுக்கள் சிறிது நேர இடைவெளி விட்டு நடக்கின்றன. ஒரு குழு கண்டதை மற்றதிடம் சொல்லக் கூடாது. கூட்டத்தின் அளவு, நின்ற இடம், அதில் எத்தனை பெட்டை, எத்தனை குட்டி, முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிறிய பட்டை உள்ள முதிர்ந்த கடா எத்தனை (வனத்துறையினர் இதைச் சாடில்பேக் என்பார்கள்) ஆகியவற்றை ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக எழுதும். பிறகு இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டு, இரு குழுக்களும் கண்டவை எவை, ஒரு குழு மட்டுமே கண்டவை எவை என்று பிரிப்பார்கள்.

கணக்கு எப்படிப் போகிறது என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டில் பார்க்கலாம்.

1. முதல் குழு 40 ஆடுகளைக் கண்டது.
2. இரண்டாம் குழு 36 ஆடுகளைக் கண்டது.
3. இரண்டு பட்டியலிலும் பொதுவானவை 30.
4. இரண்டாம் குழு கண்ட 36-இல் 30-ஐ முதல் குழுவும் கண்டிருக்கிறது. ஆகவே முதல் குழுவின் கண்ணில் படும் வாய்ப்பு ஆறுக்கு ஐந்து.
5. ஆறுக்கு ஐந்து வீதத்தில் கண்டது 40 என்றால், மொத்தம் 48.

இரு குழுக்களும் சேர்ந்து நேரில் கண்டவை 46 மட்டுமே. யார் கண்ணிலும் படாத இரண்டு ஆடுகள் இருக்கின்றன என்பதைப் பட்டியல்களின் முரண்பாடே காட்டிக்கொடுக்கிறது. இருவரும் கலந்து பேசி ஒரே எண்ணை எழுதியிருந்தால் இந்தத் தகவல் அழிந்திருக்கும். எண்ணுபவர்களிடையே உள்ள வேறுபாட்டைத் திருத்த வேண்டிய தவறாகப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அந்த வேறுபாடுதான் இங்கே அளவுகோல்.

இனி 1,031-க்கும் 1,303-க்கும் வருவோம். 2025 கணக்கெடுப்பைத் தமிழ்நாடும் கேரளமும் ஏப்ரல் 24 முதல் 27 வரை ஒரே நேரத்தில் நடத்தின. கேரளத்தில் 1,365, இரு மாநிலங்களிலும் சேர்த்து 2,668. தமிழ்நாட்டில் முந்தைய ஆண்டைவிடக் கூடுதல் தொகுதிகளில் (எண்ணுவதற்காகப் பிரித்த நிலத் துண்டுகளில்) தேடினார்கள். அதனால் 272-இல் ஒரு பகுதி புதிய குட்டிகள், ஒரு பகுதி புதிதாகத் தேடிய இடங்கள், ஒரு பகுதி அந்த நான்கு நாட்களின் வானிலை என்றிருக்கலாம். இவற்றைப் பிரித்துச் சொல்லாமல் ‘வரையாடு பெருகியது’ என்று தலைப்பிடுவது அவசரம். அடுத்த ஆண்டு எண் கொஞ்சம் இறங்கினால் ‘வரையாடு அழிகிறது’ என்று எழுதுவதும் அதே அவசரம்தான்.

வானிலிருந்து எண்ணுவது எப்படி நடக்கிறது

தான்சானியாவின் செரெங்கெட்டி சமவெளிதான் இந்த முறையின் பழைய களம். 1958-இல் ஜெர்மன் விலங்கியலாளர் பெர்ன்ஹார்ட் கிரிசிமெக்கும் அவர் மகன் மைக்கேலும் சிறு விமானத்தில் பறந்து அங்குள்ள விலங்குகளை எண்ணினார்கள். இன்று அங்கே வைல்டுபீஸ்ட் என்னும், மாட்டு முகம் கொண்ட பெரிய மான்களை எண்ணும் முறையின் சுருக்கம் இது:

1. சமவெளியின் மேல் இணைகோடுகளாகப் பறக்கும் பாதைகளை முன்கூட்டியே வகுக்கிறார்கள்.
2. விமானத்தின் அடியில் பொருத்திய கேமரா குறித்த இடைவெளியில் நேர் கீழே படமெடுக்கிறது.
3. ஒவ்வொரு படத்திலும் உள்ள விலங்குகளை எண்ணுகிறார்கள்.
4. படங்கள் மொத்தப் பரப்பில் எத்தனை பங்கை மூடுகின்றன என்று பார்த்து முழு எண்ணைக் கணிக்கிறார்கள்.

மூன்றாவது படியில்தான் வேலை தேங்கும். படங்கள் ஆயிரக்கணக்கில் வரும். சில படங்களில் புல்லும் மண்ணும் தவிர ஒன்றும் இருக்காது, வேறு சிலவற்றில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் இருக்கும். இரண்டு மூன்று வல்லுநர்கள் மாதக்கணக்கில் உட்கார வேண்டிய வேலை இது. 2015-ஆம் ஆண்டின் செரெங்கெட்டி படங்களை ஆய்வாளர்கள் ஸூனிவர்ஸ் என்ற இணையத் தளத்தில் பொதுமக்கள் முன் வைத்தார்கள். ஒவ்வொரு படத்தையும் பலர் தனித்தனியாக எண்ணினார்கள். ஒருவர் போட்ட எண் மற்றவருக்குத் தெரியாது. தரையில் இரண்டு குழுக்கள் செய்வதைத்தான் இங்கே பலர் செய்தார்கள்.

பலரின் எண்ணை ஓர் எண்ணாக்குவது

ஒரே படத்தை ஆறு பேர் எண்ணியதாக வைத்துக்கொள்வோம். வந்த எண்கள்: 12, 12, 13, 11, 0, 40. பூஜ்யம் போட்டவர் படம் முழுவதும் திறக்குமுன் அடுத்ததற்குப் போயிருக்கலாம். 40 போட்டவர் கறையான் புற்றுகளையும் சேர்த்திருக்கலாம். இந்த ஆறின் சராசரி 14-ஐத் தாண்டுகிறது. உண்மையாகப் பார்த்த நால்வரில் ஒருவர்கூட 14 என்று சொல்லவில்லை. எண்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் 12 கிடைக்கிறது. இதை இடைநிலை அளவு என்பார்கள். ஒன்றிரண்டு பேரின் தடுமாற்றம் இதை அசைக்காது.

ஒரு படி மேலே போய், விலங்கு இருக்கும் இடத்தின்மேல் புள்ளி வைக்கச் சொன்னால் இன்னும் நல்லது. பலரின் புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்தால் அங்கே விலங்கு இருக்கிறது. ஒரே ஒருவர் மட்டும் புள்ளி வைத்த இடத்தை வல்லுநர் பார்க்கலாம். விடை முன்பே தெரிந்த படங்களை இடையிடையே கலந்து கொடுத்தால், யார் கவனமாகப் பார்க்கிறார் என்பதும் தெரிந்துவிடும்.

செரெங்கெட்டி ஆய்வின் முடிவு 2019-இல் வெளியானது. தன்னார்வலர்களின் எண்களை இப்படி வடிகட்டிய பிறகு கிடைத்த மொத்தம் மிகத் துல்லியமாக இருந்தது. அதே படங்களைக் கணினி நிரல் ஒன்றும் எண்ணியது. அதுவும் துல்லியம், வேகமோ பல மடங்கு. அப்படியானால் தன்னார்வலர் இனி எதற்கு என்று கேட்கத் தோன்றும். அந்த நிரலுக்கு எது விலங்கு, எது நிழல் என்று கற்றுத்தரும் பயிற்சிப் படங்களைத் தயாரித்ததில் தன்னார்வலர்களின் பங்கு முக்கியமானது என்று அந்த ஆய்வே பதிவு செய்திருக்கிறது. செரெங்கெட்டியில் பயின்ற நிரலுக்கு வரையாடு தெரியாது. நம் மலைக்கு ஒரு நிரல் வேண்டுமென்றால், நம் மலையின் படங்களில் நம்மவர்கள் முதலில் புள்ளி வைத்தாக வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் 2018-இல் வெளியான சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. கடற்கரை மணலில் ஆயிரக்கணக்கான பிளாஸ்டிக் வாத்துகளைக் கடற்பறவைக் கூட்டங்கள்போல் அடுக்கினார்கள். எத்தனை வைத்தோம் என்பது ஆய்வாளர்களுக்குச் சரியாகத் தெரியும். அனுபவமுள்ள பறவைக் கணக்கெடுப்பாளர்கள் தரையில் நின்று தொலைநோக்கியில் எண்ணினார்கள். ட்ரோன் எடுத்த படங்களைத் தன்னார்வலர்கள் எண்ணினார்கள். ட்ரோன் வழி வந்த எண்கள் 43 முதல் 96 விழுக்காடு வரை கூடுதல் துல்லியமாக இருந்தன. தரையில் நிற்பவருக்கு முன்வரிசை வாத்து பின்வரிசையை மறைக்கிறது, மேலிருந்து பார்த்தால் மறைப்பதில்லை. உண்மை எண் தெரிந்த பொம்மைகளை வைத்துச் சோதித்ததால் இந்த முடிவில் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆனால் அந்த வாத்துகள் வெட்டவெளி மணலில் அசையாமல் இருந்தன. இந்த நிபந்தனையை விட்டுவிட்டு ‘ட்ரோன்தான் சிறந்தது’ என்று மட்டும் எடுத்துக்கொண்டால் நீலகிரியில் வழுக்கி விழுவோம்.

பிக்சல் கணக்கு

டிஜிட்டல் படம் பிக்சல் என்னும் சின்னச் சின்னச் சதுரங்களால் ஆனது. ஒரு சதுரம் தரையில் எத்தனை சென்டிமீட்டரை மூடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் விலங்கு தெரியும், தெரியாது என்பதெல்லாம்.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். அவற்றில் ஒரு பிக்சல் 10 மீட்டர். மூன்று மீட்டர் நீளமுள்ள காட்டுமாடுகூட அதில் காணாமல் போகும். வணிகச் செயற்கைக்கோள்களின் மிக நுணுக்கமான படங்களில் பிக்சல் சுமார் 30 சென்டிமீட்டர். காட்டுமாடு பத்துப் பிக்சல் நீளக் கறுப்புக் கோடாகத் தெரியும். ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும் வரையாடு நான்கு பிக்சல்தான், பக்கத்தில் கிடக்கும் பாறைக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. தாழப் பறக்கும் ட்ரோனில் பிக்சல் 2 சென்டிமீட்டர் என்றால், அதே ஆடு ஐம்பது அறுபது பிக்சலாக விரியும். முதுகின் வெளிறிய பட்டைகூடத் தெரியும்.

சமவெளியில் இந்தக் கணக்கு இத்தோடு முடிந்துவிடும், மலையில் முடியாது. முகட்டுக்கு 100 மீட்டர் மேலே ஒரே உயரத்தில் ட்ரோன் பறக்கிறது, கீழே பள்ளத்தாக்கு 300 மீட்டர் இறங்குகிறது என்று கொள்வோம். முகட்டில் 2 சென்டிமீட்டராக இருந்த பிக்சல் பள்ளத்தாக்கில் 8 சென்டிமீட்டர் ஆகிவிடும். ஒரே படத்தொகுப்பில் முகட்டு ஆடு தெளிவாகத் தெரியும், பள்ளத்து ஆடு புள்ளியாகிவிடும். இதைக் கவனிக்காமல் மொத்தத்தைக் கூட்டினால், ஆடுகளுக்கு முகடுதான் பிடிக்கும் என்ற பொய்யான முடிவுக்குப் போய்ச் சேருவோம்.

பாறை முகம் இன்னும் பெரிய சிக்கல். முக்குருத்தி தேசியப் பூங்காவின் மேற்கு விளிம்பில் நிலம் கேரளப் பக்கம் செங்குத்தாக விழுகிறது. ஆபத்து வந்தால் வரையாடு ஓடுவது அந்தப் பாறைகளுக்குத்தான். 70 டிகிரி சரிவுள்ள 100 மீட்டர் பாறை முகம், நேர் மேலிருந்து எடுத்த படத்தில் வெறும் 34 மீட்டராகச் சுருங்கிவிடும். துருத்திய பாறைக்கு அடியில் நிற்பது தெரியவே தெரியாது. எதிர் முகட்டில் பைனாகுலரோடு நிற்கும் வேட்டைத் தடுப்புக் காவலருக்கோ அந்தப் பாறை முகம் முழுவதும் திறந்து கிடக்கும்.

இரண்டு விதப் பிழைகள்

தன்னார்வலர் முறையால் எதைத் திருத்த முடியும், எதைத் திருத்த முடியாது என்பதை இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். விலங்கு படத்தில் இருக்கிறது, பார்த்தவர் கவனிக்கவில்லை என்றால் அது கவனப் பிழை. விலங்கு அந்த இடத்தில் இருக்கிறது, ஆனால் மரமோ பாறையோ பனியோ மறைத்ததால் படத்தில் விழவே இல்லை என்றால் அது மறைவுப் பிழை.

கவனப் பிழையைப் பல கண்கள் தீர்க்கும். மறைவுப் பிழையை லட்சம் கண்கள் பார்த்தாலும் தீர்க்க முடியாது. சோலைக்காட்டின் மேற்கூரை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. அதன் கீழே பத்துக் காட்டுமாடுகள் படுத்திருந்தாலும் படத்தில் தெரிவது இலைக் குவியல் மட்டுமே. பத்தாயிரம் பேர் ‘ஒன்றுமில்லை’ என்று ஒருமனதாகச் சொல்வார்கள். அந்த ஒருமனம் எதையும் நிரூபிக்காது. இரட்டைப் பார்வையாளர் கணக்கிலும் இதே ஓட்டை உண்டு: இருவருக்கும் ஒரே காரணத்தால் மறைந்திருக்கும் ஆடு கணக்குக்குள் வரவே வராது, மொத்தம் குறைவாகவே வரும்.

யானையை நம் காடுகளில் வானிலிருந்து எண்ணாததற்குக் காரணம் இதுதான். தமிழ்நாட்டின் யானைக் கணக்கெடுப்பில் குறிப்பிட்ட தொகுதிகளில் நேரில் எண்ணுகிறார்கள், நேர்கோட்டுப் பாதைகளில் சாணக் குவியல்களை எண்ணுகிறார்கள், நீர்நிலைகளில் காத்திருந்தும் பார்க்கிறார்கள். 2023-இல் 2,961, 2024-இல் 3,063 என்று வந்த எண்கள் இப்படிக் கிடைத்தவை. சாணத்தை எண்ணி யானையைக் கணிப்பது கேட்க விசித்திரமாக இருக்கலாம், ஆனால் மரத்தடியில் மறைந்த யானையும் சாணத்தை விட்டுச் செல்கிறது.

வெப்பக் கேமரா இதைத் தீர்க்காதா? உடல் வெப்பம் புல்வெளியில் பளிச்சென்று தெரியும், உண்மைதான். ஆனால் அடர்ந்த இலைக்கூரையை அது ஊடுருவாது. பகல் வெயிலில் காய்ந்த பாறை மாலையில் வெப்பத்தை வெளிவிடும்போது அதுவும் ஒரு விலங்குபோல் ஒளிரும். பாறை குளிர்ந்திருக்கும் விடியல்தான் ஏற்ற நேரம். அந்த நேரத்தில்தான் பள்ளத்தாக்கில் பனியும் நிற்கும்.

ஒரே விலங்கு, இரண்டு எண்கள்

செரெங்கெட்டியின் வைல்டுபீஸ்ட் சுமார் 13 லட்சம் என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் எண். 2022, 2023 ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைச் செயற்கை நுண்ணறிவால் எண்ணி 2025-இல் வெளியான ஆய்வு, 6 லட்சத்துக்கும் குறைவு என்றது. பாதிக்கூட இல்லை. கூட்டம் அழிந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை என்று அந்த ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். விமான முறை பரப்பின் ஒரு பகுதியைப் படமெடுத்து மீதியைக் கணித்தது, செயற்கைக்கோள் பெரும் பரப்பை ஒரே மூச்சில் படமெடுத்தது. கூட்டமாகச் சேரும் விலங்கை மாதிரிக் கணக்கில் பிடிக்கும்போது, படமெடுத்த கோடுகள் கூட்டத்தின் மேல் விழுந்தனவா, ஓரத்தில் விழுந்தனவா என்பதே மொத்தத்தை இழுத்துவிடும். மரத்தடியில் நின்றவை செயற்கைக்கோளுக்குத் தப்பியிருக்கவும் கூடும்.

திறந்த சமவெளியில், உலகிலேயே அதிகம் எண்ணப்பட்ட விலங்குகளில் ஒன்றுக்கு இந்த நிலை. நம் மலைகளின் எண்களைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பதற்றம் குறையும்.

நம் மலைகளில் எது பயன்படும்

1. *புல்வெளி வரையாடு.* முக்குருத்தியின் திறந்த புல்வெளிகளில் படம் பயன்படும், பாறை விளிம்பில் பயன்படாது. ஆகவே தரைக் குழுவுக்கு மாற்றாக அல்ல, மூன்றாவது பார்வையாளராக ட்ரோனைச் சேர்ப்பது பொருத்தம். ஒரே காலையில் இரு வழியிலும் எண்ணினால், எந்த வழி எதைத் தவறவிடுகிறது என்று தெரியும்.

2. *தேயிலைத் தோட்டத்துக் காட்டுமாடு.* குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்குள் நிற்கும் காட்டுமாடு, பச்சைப் பரப்பில் கறுப்பாகத் தெளிவாகத் தெரியும். சில்வர் ஓக் மர நிழலில் நிற்பவையும், பக்கத்துச் சோலைக்குள் ஒதுங்கியவையும் விடுபடும். கொடைக்கானலில் மாடுகள் தெருவுக்கே வந்துவிடுவதால், அங்கே ட்ரோனைவிட ஊர்க்காரர்கள் இடமும் நேரமும் குறித்து அனுப்பும் செல்போன் படம் பயனுள்ளது.

3. *மோயாறு கழுகுகள்.* பாறு கழுகுகளின் கூடுகளுக்கு அருகில் ட்ரோன் கூடவே கூடாது. தாய்ப்பறவை கூட்டை விட்டு எழுந்தால் முட்டையும் குஞ்சும் ஆபத்துக்குள்ளாகும். பல இடங்களில் ஒரே நேரத்தில் தரையில் நின்று எண்ணும் இன்றைய முறையே சரி.

4. *விலங்குக்குப் பதில் அதன் வீட்டை எண்ணுவது.* எனக்கு அதிக நம்பிக்கை தரும் வேலை இது. புல்லும் மரமும் எழுந்து ஓடுவதில்லை, இடமும் மாறுவதில்லை. 10 மீட்டர் பிக்சலே போதும். பழனி மலையில் நாற்பது ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு 2018-இல் வந்தது. மேல்மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது, தோட்ட மரங்களும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன என்று அது காட்டியது. சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன் ஆகிய மரங்கள் புல்வெளியில் எங்கே பரவுகின்றன என்று ஆண்டுதோறும் குறிக்கத் தன்னார்வலர்கள் போதும். நீலகிரியில் ஸ்காட்ச் புரூம் என்னும் அயல்நாட்டுப் புதர் மஞ்சளாகப் பூக்கும் பருவத்தில் எடுத்த படமென்றால் இன்னும் எளிது. ஆனால் படத்தில் மஞ்சளாகத் தெரிவது பூவா, காய்ந்த புல்லா என்று சில இடங்களில் போய்ப் பார்த்து உறுதிசெய்தாக வேண்டும். மலையில் குடியிருப்பவர்களின் பங்கு இங்கே ஈடு செய்ய முடியாதது.

படம் பார்க்க உட்காருபவர்கள் கவனிக்க வேண்டியவை

வெற்றுப் படம் வீணல்ல. விலங்கு இல்லை என்ற பதிவும் அடர்த்திக் கணக்குக்குள் போகிறது. அலுத்துப்போய் வெற்றுப் படங்களைத் தாண்டிவிட்டால், விலங்குள்ள படங்கள் மட்டும் மிஞ்சி மொத்தம் வீங்கிவிடும்.

சந்தேகமானதைச் சந்தேகம் என்றே குறியுங்கள். ஆடா பாறையா என்று தெரியாதபோது நிழலைப் பாருங்கள்: நிற்கும் ஆட்டின் நிழல் உடலிலிருந்து சற்று விலகிக் கால்களோடு விழும், பாறையின் நிழல் அடியோடு ஒட்டியிருக்கும். அடுத்தடுத்த இரண்டு படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால், முதல் படத்தில் இருந்து இரண்டாவதில் இடம் மாறியது ஆடுதான். அதை இருமுறை எண்ணிவிடவும் கூடாது. இன்னொருவர் எத்தனை போட்டார் என்று கேட்டுவிட்டு எண்ணாதீர்கள். மேலே சொன்ன கணக்கு முழுவதும் அந்தத் தனிமையின்மேல்தான் நிற்கிறது.

அனுமதியும் பாதிப்பும்

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள்ளும் தேசியப் பூங்காவுக்குள்ளும் ஆய்வுக்கோ படமெடுக்கவோ நுழைய அனுமதி தேவை. அதைத் தலைமை வன உயிரினக் காப்பாளர் தரலாம். சொந்த ட்ரோனை எடுத்துக்கொண்டு புல்வெளிக்குப் போய்ப் பறக்கவிட்டு ‘கணக்கெடுத்தேன்’ என்று சொல்வது தன்னார்வப் பணி ஆகாது, குற்றமாகும்.

விலங்கு ஓடவில்லை என்பதால் பாதிப்பில்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் மினசோட்டாவில் கருங்கரடிகளின் உடலில் இதயத் துடிப்புக் கருவி பொருத்தி, மேலே ட்ரோன் பறக்கவிட்டுப் பார்த்த ஆய்வு 2015-இல் வந்தது. பெரும்பாலான கரடிகள் நின்ற இடத்தை விட்டு ஓடவில்லை. ஆனால் ஒரு கரடியின் துடிப்பு நிமிடத்துக்கு 41-லிருந்து 162-க்கு ஏறியது. விளிம்பில் நிற்கும் வரையாட்டுக் கூட்டத்தில் சில வாரக் குட்டிகள் இருக்கும்போது இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பறக்கும் உயரம், நேரம், குட்டி ஈனும் மாதங்கள் எல்லாவற்றுக்கும் எல்லை வகுத்த பிறகே ட்ரோன் எழும்ப வேண்டும்.

படங்களைப் பொதுமக்கள் முன் வைக்கும்போது இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. வரையாடு சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. எந்த முகட்டில் எத்தனை சாடில்பேக் நிற்கிறது என்று இடக்குறிப்போடு வெளியிட்டால், வேட்டைக்காரனுக்கும் அது வழிகாட்டியாகிவிடும். மேலிருந்து எடுக்கும் படத்தில் தோடர் பழங்குடியினரின் ஊர்களான மந்துகளும் வீடுகளும் மனிதர்களும்கூட விழுவார்கள், அவர்களிடம் யாரும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள். படத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, வரிசை கலைத்து, இடக்குறிப்பை நீக்கி, குடியிருப்புகள் விழுந்த துண்டுகளை அகற்றிவிட்டுத்தான் தன்னார்வலர்களிடம் தர வேண்டும். எந்தத் துண்டு எந்த முகட்டைச் சேர்ந்தது என்ற பட்டியல் ஆய்வுக்குழுவிடமும் வனத்துறையிடமும் மட்டும் இருந்தால் போதும். எண்ணுவதற்கு அந்தப் பட்டியல் தேவையே இல்லை.